ஷா ஆலாம் வேலையை விட்டுவிட்டு பத்தாங் பெர்ஜுந்தைக்குத் திரும்பலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வயதுத் தம்பி ஒருவர், ஷா ஆலாமில் ஒரு கூரியர் கம்பெனி அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறார். அதை விட்டுவிட்டு ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, அம்மா இருக்கும் சிறு ஊரான, சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைக்கே குடும்பத்தோடு வந்துவிட நினைக்கிறார். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மனைவியோ, "அந்த ஊரில் சனி ஞாயிறு எங்கே போவது, என்ன சாப்பிடுவது?" என்கிறார். செலவு உண்மையிலேயே குறையுமா, ஊர் வாயை எப்படிச் சமாளிப்பது என்பதும் அவர் கேட்டவை.

நான் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பல வருடம் இருந்தவள். இப்போது இதே வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒட்டுக்கடை, கேட்டரிங், லாரிக்காரர் என்று சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் கணக்குப்பிள்ளைப் புத்தி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் அம்மா. அவர் சொல்வதைப் பழைய காலத்துப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு வேலையும் வீடும் ஒன்றாகத்தான் கிடைத்தன. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் சடக்குக்கு, அதாவது தெருவுக்கு, வந்தன. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே அந்தத் துண்டாடல்தான். அப்புறம் சம்பளம். அதுவும் நாள் கூலி. விடியற்காலையில் மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அன்றைக்கு வரும்படி போச்சு. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாதக் கடைசியில் ஒரே தொகை வருகிற வேலை அந்தத் தலைமுறைக்குக் கனவு. அந்தக் கனவு உங்கள் கையில் இருக்கிறது, நீங்களே அதை வேண்டாம் என்கிறீர்கள். அவருக்கு அப்படித்தான் தெரியும்.

அதனால் அவரிடம் "எனக்கு மன நிம்மதி வேண்டும்மா" என்று பேசிப் பயனில்லை. எத்தனை மாதச் செலவுக்குப் பணம் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்று பேங்க் புத்தகத்தைக் காட்டுங்கள். வீடு இப்போது அவர் பெயரில், தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறது, வேலை போனாலும் யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இது அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் மகன் வாயால் கேட்டால் மனசு கொஞ்சம் இறங்கும்.

ஊர் வாயைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. "ஆபீசில் உட்கார்ந்திருந்த பையன் இப்போது ஏர்கோன் கழுவுகிறான்" என்று ஒரு மூன்று மாதம் பேசுவார்கள். நான்காவது மாதம் அதே ஆள் போன் பண்ணி, "தம்பி, நம்ம வீட்டு ஏர்கோன் தண்ணி சொட்டுது, வந்து பாக்குறியா?" என்பார். போய்ப் பாருங்கள். காசு மட்டும் சரியாக வாங்கிவிடுங்கள். இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இந்த ஊரே பல தடவை தொழில் மாற்றிய ஊர்தான். ஒரு காலத்தில் இங்கே ஈயம், அதாவது டின். பெர்ஜுந்தை டின் டிரெட்ஜிங் கம்பெனியின் பெரிய தோண்டு கப்பல்கள் ஓடிய இடங்கள்தான் இன்றைக்கு ஊரைச் சுற்றிக் கிடக்கும் குளங்கள். 1985இல் உலக ஈயச் சந்தை கவிழ்ந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. பக்கத்திலேயே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட இடம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் குலை வெட்ட இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசி. நம்மவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்து, பிள்ளைகள் பாக்டரி பஸ்ஸில் ரவாங் பக்கமும் சுங்கை பூலோ பக்கமும் போகிறார்கள். யூனிசெல் பல்கலைக்கழகம் வந்த பிறகு மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவதும் ஒரு வருமானமாகிவிட்டது. 2007இல் ஊரின் பெயரைக்கூட பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். இதை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் வாடிக்கையாளர் யார் என்று தெரிய வேண்டும் இல்லையா? தோட்டத்து லயம் இல்லை. தாமான் வீடு, மாணவர் தங்கும் வாடகை வீடு, கிளினிக், கோயில் மண்டபம், மளிகைக் கடையின் குளிர்பெட்டி. இவைதான் உங்கள் சந்தை.

ஆகவே ஏர்கோன் மட்டும் கற்றால் போதாது என்பது என் கருத்து. துணி துவைக்கும் மெஷின், குளிர்பெட்டி, வாட்டர் ஹீட்டர் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் ஓடாவிட்டால் விசிறியைப் போட்டுக்கொண்டு சம்பள நாள் வரை சமாளிப்பார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் துவைக்கும் மெஷின் நின்றால் அன்றைக்கே கூப்பிடுவார்கள். மளிகைக் கடைக்காரரின் மீன்பெட்டி நின்றால் ராத்திரி பதினொன்றுக்கும் கூப்பிடுவார். பிற்பகல் இடிமழைக்குப் பிறகு மின்பலகை எரிந்துபோன வேலைகள் நிறைய வரும். பல்லி உள்ளே புகுந்து பலகையைக் கெடுப்பதும் இங்கே சர்வ சாதாரணம்.

முறையாகக் கற்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன, ஷா ஆலாமிலேயே அட்தெக் என்ற கழகம் இருக்கிறது. எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்குங்கள். ஏற்கனவே ஒருவரோடு சில வருடம் கூடப் போய் வேலை செய்தவர்கள், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தைக் காட்டி அதே சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. அதற்குப் பிபிதி (முன் அனுபவத்தை அங்கீகரித்தல்) என்று பெயர். இத்தோடு குளிர்வாயுவைக் கையாள சுற்றுச்சூழல் துறை அங்கீகரிக்கும் தனிப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். பழைய ஆர்22 வாயுவைப் படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள். புது மெஷின்களில் பெரும்பாலும் ஆர்32. அது தீப்பற்றக்கூடிய வாயு, பழைய பழக்கத்தில் கையாளக் கூடாது. புதிதாக வயர் இழுக்கும் வேலை வந்தால் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். பதியாத ஒரு பையனை வைத்து அதை முடித்துவிட்டு, நாளைக்கு வீடு எரிந்தால் பதில் சொல்லப் போவது நீங்கள்.

இனி என் பிரிவு, காகிதம். நீங்களாக ராஜினாமா செய்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதியில் ஒரு காசும் கிடையாது. 2018இல் வந்த அந்தத் திட்டம் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கு. அவர்களுக்கு முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் 50, 40 என்று குறைந்துகொண்டே ஆறு மாதம் வரை கிடைக்கும். கம்பெனி விருப்ப விலகல் திட்டம் ஏதும் அறிவிக்கப் போகிறதா என்று அலுவலகத்தில் காதைத் தீட்டி வைத்திருங்கள். அப்படி விலகியவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம், கூடவே இழப்பீடும் வரும். அவசரப்பட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் அந்த அறிவிப்பைப் பார்த்து அழுதவர்களை நான் சம்பளப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) அடுத்தது. இப்போது உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 12 அல்லது 13 போடுகிறார். வெளியே வந்தால் இரண்டும் நிற்கும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஐ-சாரான் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் போடுவதற்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி சேர்த்துப் போடும். முழு 500ஐயும் வாங்க வருடம் 2,500 வெள்ளி போட வேண்டும், மாதம் சுமார் 210. ஒரு நல்ல நாள் வேலைதான் அது. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறதே, அதை வைத்து வேன் வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். மடிக்கிற ஏணி, வேக்கம் பம்ப், கேஜ், தண்ணி பம்ப், பழைய மோட்டார் போதும் முதல் வருடத்துக்கு.

ஏணியில் ஏறும் வேலை என்பதால் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்திலும் சேருங்கள். 2017 சட்டப்படி வந்தது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வருமானப் படியில் 1.25 விழுக்காடுதான் சந்தா. கம்பெனி மெடிக்கல் கார்டு போய்விடும், ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு இன்னும் ஒரு வெள்ளிதான். காத்திருக்கத் தெரிந்தால் போதும். தொழில் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. அடுத்த வருடம் வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பாரம் பிஇ இல்லை, தொழில் செய்பவர்களின் பாரம் பி. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். பிஸ்கட் டின் ஒன்றைக் காலி செய்து வையுங்கள். கடன் வேண்டுமானால் சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குனில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி திட்டம் இருக்கிறது. ஆனால் முதல் வருடத்திலேயே கடன் வாங்குவது எனக்குப் பிடிக்காது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் மனைவியின் கேள்வியை நீங்கள் "அது வேற விஷயம்" என்கிற தொனியில் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை தம்பி, அதுதான் விஷயமே. இந்த மாதிரி ஊரில் எங்கே சாப்பிடுகிறீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே தென்படுகிறீர்கள் என்பதில் இருந்துதான் வேலை வரும். முகநூல் விளம்பரம் ஓரளவுக்குத்தான். காலையில் நீங்கள் கோப்பி குடிக்கும் கடைதான் உங்கள் அலுவலகம்.

நகரத்தில் ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் நாள் இங்கே ஆறுக்கே ஆரம்பித்துவிடும். ஆறரைக்கெல்லாம் கடைகளில் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம். லாரிக்காரர், பள்ளிப் பஸ் ஓட்டுபவர், கான்ட்ராக்டர், ஓய்வுபெற்ற கிராணி, கோயில் தலைவர் எல்லாரும் எட்டு மணிக்குள் வந்து போய்விடுவார்கள். நீங்கள் ஒன்பதரைக்குப் போனால் காலி நாற்காலிதான் இருக்கும். ஒரே கடைக்குப் போகாமல் மாறி மாறிப் போங்கள். இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் ஒரு நாள், நம்மவர் ஒட்டுக்கடையில் தோசைக்கு ஒரு நாள், சீனர் கோப்பிக் கடையில் ஒரு நாள். சீனர் கடையில் உட்கார்ந்தால் மளிகைக்கடை, வன்பொருள் கடை முதலாளிகளின் பழக்கம் கிடைக்கும். நான் கணக்கு எழுதும் ஆட்களில் பாதிப் பேர் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். பெண்பிள்ளை தனியாகக் கோப்பிக் கடையில் உட்காருவதா என்று முதலில் பார்த்தார்கள், அப்புறம் அவர்களே நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

மாலை வேறு மாதிரி. மாலையில் மேசையில் கோப்பி இருக்காது. வேலை மாறுகிற ஆண்களுக்கு இந்த ஊர் வைக்கும் பெரிய சோதனை வேலை இல்லாத நாளின் ஐந்து மணி. "வா தம்பி, சும்மாதானே இருக்கே" என்று ஒரு குரல் வரும். கள்ளும் சம்சு சாராயமும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தன என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்று கேட்டதும் அதே போராட்டத்தில்தான். அந்த ஐந்து மணிக்குப் பிள்ளையைத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். பந்து விளையாடும் பையன்களின் அப்பாக்கள் அங்கே நிற்பார்கள், வேலை அங்கேயும் வரும்.

சாப்பாடு. உங்கள் மனைவி ஷா ஆலாமில் கொரியன் கோழியும் பபுள் டீயும் சாப்பிட்டுப் பழகியிருந்தால் இங்கே முதல் மாதம் முகம் வாடத்தான் செய்யும். யூனிசெல் பக்கம் மாணவர்களுக்காக அந்த மாதிரிக் கடைகள் வந்து வந்து மூடுகின்றன, இருக்கும்போது போய்க்கொள்ளுங்கள். ஆனால் காலையில் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிற புட்டு மாயம் (இடியாப்பம்), தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு, வீட்டு வாசலிலேயே, அது ஷா ஆலாம் அடுக்குமாடி வீட்டில் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். இரவுச் சந்தையான பாசார் மாலாமில் சூடாக எடுக்கும் அப்பம் பாலேக் பணியாரமும் கச்சான் பூத்தே வறுகடலையும் வேறு.

இந்த வட்டாரத்துக்கென்று உள்ள சாப்பாடு கடையில் குறைவு, வீட்டில்தான் அதிகம். மழைக்குப் பிறகு செம்பனை ஆலைக்காரர்கள் கொட்டிய காலிக் குலைகளின் மேல் காளான் முளைக்கும். அதைப் பறித்துப் பையில் போட்டு விற்பார்கள். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் இறைச்சியே தேவையில்லை. பறிக்கிறவர் பழக்கமானவராக இருந்தால் மட்டும் வாங்குங்கள், காளானில் விளையாட்டு வேண்டாம். சிலாங்கூர் ஆற்றில் தூண்டில் போடுபவர்கள் உடாங் காலா பிடித்து வருவார்கள். அந்தப் பெரிய ஆற்று இறாலின் தலையில் இருக்கும் கொழுப்போடு குழம்பு வைத்தால் சோறு பத்தாது. விலை மலிவு இல்லை, ஆனால் கோலாலம்பூர் உணவகத்தில் கொடுப்பதைவிடக் குறைவு. பெத்தாய் விதைச் சம்பல், பாக்கு எனும் பெரணிக் கீரைப் பிரட்டல், விரால் மீன் புளிக்குழம்பு எல்லாம் உங்கள் அம்மாவுக்குக் கைவந்ததாக இருக்கும். மரவள்ளிக்கிழங்கை அவித்து நெத்திலிச் சம்பலோடு சாப்பிடுவதில் எனக்கு நிகர் இன்பமில்லை. என் பாட்டி மட்டும் கடைசி வரை தொட மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருடத்துக்கு மேல் அதைத் தின்றே உயிர் பிழைத்தவர்.

வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. ஊர்க் கடைகளில் கோழியைவிட ஆட்டுக்கறியையும் கருவாட்டையும் நம்பிப் போகலாம். கோழி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் ஆகிவிட்டது, இது என் தனிப்பட்ட எரிச்சல்.

செலவு குறையுமா என்றால், வாடகை இல்லாததால் குறையும். சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். அரிசி, எண்ணெய், பால் பவுடர் எல்லாம் ஷா ஆலாம் விலைதான், சிலது சூப்பர்மார்க்கெட் போட்டி இல்லாததால் கூடுதலாகவே இருக்கும். பெட்ரோல் ஏறும். நல்ல பல் டாக்டர், பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ், எதுவானாலும் கோல சிலாங்கூர் அல்லது ரவாங். ரயில் இல்லை. கிரேப் கார் உங்கள் அவசரத்துக்குக் கிடைக்காது. மனைவிக்கு மோட்டாரோ காரோ ஓட்டத் தெரியாவிட்டால், நீங்கள் ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் அவர் லைசென்ஸ் எடுக்கட்டும். ஊரைப் பிடிக்காமல் போகும் பெண்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது ஊரை இல்லை, எங்கே போக வேண்டுமானாலும் ஒருவரைக் கேட்க வேண்டியிருப்பதைத்தான்.

லைசென்ஸ் இருந்தால் சனி ஞாயிறு பஞ்சமே இல்லை. கோல சிலாங்கூரில் புக்கிட் மலாவாத்தி இருக்கிறது. சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டையாக இருந்து, 1784இல் டச்சுக்காரர்கள் கையில் விழுந்த குன்று. பிள்ளைக்குக் கோட்டையும் பீரங்கியும் ஐந்து நிமிடம், லோத்தோங் குரங்குகள் ஒரு மணி நேரம். அந்தச் சாம்பல் நிறக் குரங்குகள் சாதுவாக வந்து தோளில் ஏறும். சேட்டை பண்ணுவது பழுப்புக் குரங்குகள்தான், அவற்றிடம் பையைக் காட்டாதீர்கள். இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்க்கலாம். ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னும். நிலா முழுசாக இருக்கும் நாளிலும் மழை நாளிலும் போகாதீர்கள், காசு வீண். போனில் பிளாஷ் போடக் கூடாது என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடல் சாப்பாட்டுக்குப் பாசிர் பெனம்பாங்கும் ஜெராமும். சுற்றுலாப் பஸ் நிற்கும் கடையைத் தாண்டி ஜெராம் பந்தாய் ரெமிஸ் பக்கம் போய், மெந்தாராங் சிப்பி கிடைக்கிற நாளாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். இன்னும் வடக்கே தஞ்சோங் காராங் தாண்டினால் சிக்கிஞ்சான் நெல்வயல். வருடத்தில் இரண்டு போகம் என்பதால் நாற்று, பச்சை, பொன் நிறம் என்று போகிற தடவை எல்லாம் வேறு வேறாக இருக்கும். கோலாலம்பூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை படை படையாக வந்து படம் எடுப்பார்கள். நீங்கள் வேலைக்கு விடுப்பு கேட்க வேண்டாத ஆள் ஆகிவிடுவதால் புதன்கிழமை போகலாம், சாலை முழுக்க உங்களுக்குத்தான். சொந்தத் தொழிலில் நான் அனுபவிக்கிற பெரிய சுகம் அந்தப் புதன்கிழமைதான் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

கோயிலுக்கு, ஈஜோக் பக்கம் புக்கிட் ரோத்தானில் 2013இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். ஐம்பத்தொரு சக்தி பீடங்களை மனதில் வைத்துக் கட்டியது. கருங்கல் வேலையும் சுத்தமும் பார்க்கவே போகலாம். ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ரவாங் பக்கம் போய்ப் பத்துமலையும் எட்டிவிடும். ஆனால் தோட்டத்துச் சிறு கோயில்களின் ஆடித் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். பழைய தோட்டத்து ஆட்கள் பினாங்கிலிருந்தும் ஜோகூரிலிருந்தும்கூடத் திரும்பி வருவார்கள். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க உட்காருங்கள், மனைவியையும் கூப்பிடுங்கள். அன்றைக்கே அவருக்கு நான்கு பேர் பழக்கமாகிவிடுவார்கள். ஒலிபெருக்கியும் மண்டப ஏர்கோனும் எப்போதும் எதிலாவது பழுதாக இருக்கும், அது உங்களுக்கு.

கோயில் வேலையை இலவசமாகச் செய்யலாமா? வருடத்தில் ஒரு தடவை, உபயமாக, சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மற்றபடி பில் போடுங்கள்.

இங்கேதான் காசு வாங்கும் விஷயம் வருகிறது. இந்த ஊரில் வேலை கிடைக்காமல் கடை மூடியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. "சம்பளம் வந்ததும் தரேன் தம்பி" என்பதில் மூடியவர்கள்தான் அதிகம். நான் எழுதும் கணக்குப் புத்தகங்களில் வர வேண்டிய பணத்தின் பக்கம் எப்போதும் தடியாகத்தான் இருக்கும். சொந்தக்காரர், பள்ளித் தோழன், அம்மாவுக்குத் தெரிந்தவர் என்று எல்லாருமே தெரிந்தவர்களாக இருக்கும் ஊரில் எப்படி முகத்தை முறிப்பது? முறிக்க வேண்டாம். நாட்காட்டியைப் பாருங்கள். வேலைச் சட்டப்படி போன மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஊரில் பணம் புழங்குவது மாத முதல் பத்து நாள். அவசரமில்லாத சர்வீஸ் வேலைகளை எல்லாம் 5 முதல் 10 வரை எழுதிக்கொள்ளுங்கள். "எட்டாம் தேதி வரட்டுமா அண்ணே, உங்களுக்கும் வசதி" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது, கையில் காசும் வரும். மாதக் கடைசியில் கடைக்காரர்களின் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், அவர்களிடம் தினமும் காசு உண்டு. வாயு அடைப்பது, பலகை மாற்றுவது போன்ற வேலைக்குச் சாமான் காசை மட்டும் முன்பணமாக வாங்கிவிடுங்கள், அதற்கு உறவு முறை பார்க்காதீர்கள்.

வருடத்திலும் ஏற்ற இறக்கம் உண்டு. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றுக்கும் முந்தைய இரண்டு மூன்று வாரம் மூச்சு விட நேரமிருக்காது. விருந்தாளி வருவதற்குள் ஏர்கோன் குளிர வேண்டும். பெருநாள் முடிந்ததும் ஊரே காசில்லாமல் இருக்கும், போன் அடிக்காது. வறட்சி மாதங்களில் ராஜா மூசா பக்கம் சதுப்பு மண் காடு பற்றிக்கொண்டால் புகை மூட்டத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் ஏர்கோன் போடுவார்கள், வடிகட்டி எல்லாம் கறுத்துப்போய்க் கூப்பிடுவார்கள். சந்தோஷப்படக் கூடாத வருமானம், ஆனால் வரும்.

ஆக, நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே வேலையை விடாமல் சனிக்கிழமைகளில் ஷா ஆலாமிலேயே ஒரு டெக்னீஷியனோடு கூடப் போங்கள், கூலி கேட்காதீர்கள். ஞாயிறு அம்மா வீட்டுக்கு வந்து காலைக் கடையில் முகம் காட்டுங்கள். அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பாவது ஊரில் இருக்கும்படி கணக்குப் போட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை என்றால், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி எட்டு வாரம். எழுதியிருந்தால் அதில் உள்ளபடி. மிச்சமிருக்கும் ஆண்டு விடுமுறையைக் காசாக வாங்க முடியுமா, நோட்டீசில் கழிக்க முடியுமா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். கடிதம் கொடுக்கும் முன் போனஸ் எந்த மாதம் கணக்கில் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீசில் இருப்பவருக்குப் போனஸ் கிடையாது என்று எழுதி வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய, பணம் கணக்கில் விழுந்த மறுநாள் கடிதம் கொடுத்தால் போதும்.